மின்சாரப் பிக்கப் வண்டிக்கு வீட்டில் சார்ஜ் ஏற்றுதல்: ஆன்போர்டு சார்ஜர் முதல் எர்த் குழி வரை ஒரு முழுமையான வழிகாட்டி

காங்கயம்–தாராபுரம் சாலையை ஒட்டிய எங்கள் தோட்டத்துச் சாளையில் (தோட்ட வீட்டில்) மின்சாரத்தில் ஓடும் சிறு சரக்கு வண்டி ஒன்றை இரண்டு ஆண்டுகளாக வைத்திருக்கிறோம். களத்தில் காய்ந்த தேங்காய்ப் பருப்பை எண்ணெய் ஆலைக்குக் கொண்டு சேர்ப்பதும், வாரத்தில் நான்கைந்து நாள் திருப்பூருக்குத் தேங்காய் ஏற்றிச் செல்வதும் அதன் வேலை. வண்டியைப் பார்க்க வருகிறவர்கள், பெருந்துறையிலிருந்து வந்தாலும் பொள்ளாச்சியிலிருந்து வந்தாலும், முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: “ஏனுங்க, இன்னும் பெருசா ஒரு சார்ஜர் வாங்கிச் செவுத்துல மாட்டுனா சீக்கிரமா ஏறீராதுங்களா?” பெரும்பாலான வண்டிகளுக்கு, ஏறாது என்பதே உண்மையான விடை. ஏன் ஏறாது, எங்கே ஏறும், எதில் பணம் போட வேண்டும், எதில் போடக் கூடாது என்பதை ஒவ்வொரு படியாக இங்கே எழுதுகிறேன். வண்டிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே இதைப் படிப்பது நல்லது; கட்டிவிட்டவர்களுக்கும் மூன்றாம் படியிலிருந்து பயன்படும்.

முதல் படி: சுவரில் இருப்பது எது, வண்டிக்குள் இருப்பது எது

நம் வீட்டுக்கு வருவது ஏசி (மாறுதிசை) மின்சாரம். பேட்டரி ஏற்றுக்கொள்வது டிசி (நேர்திசை) மின்சாரம். ஒன்றை மற்றொன்றாக மாற்றித் தரும் கருவிதான் சார்ஜர். வீட்டில் சார்ஜ் போடும்போது அந்த வேலையைச் செய்வது சுவரில் மாட்டிய பெட்டி அல்ல, வண்டிக்குள்ளேயே பொருத்தப்பட்டிருக்கும் ஆன்போர்டு சார்ஜர்தான். சுவர்ப்பெட்டி, மின்சாரத்தைப் பாதுகாப்பாகத் திறந்துவிடவும் நிறுத்தவும் தெரிந்த ஒரு சுவிட்சு மட்டுமே.

கிணற்று மோட்டாரோடு புழங்கியவர்களுக்கு இதை ஒரே வரியில் விளக்கிவிடலாம். சுவர்ப்பெட்டி என்பது ஸ்டார்ட்டர். ஆன்போர்டு சார்ஜர் என்பது மோட்டார். 3 எச்பி மோட்டாருக்கு 10 எச்பி ஸ்டார்ட்டரை மாட்டினால் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அதிகமாக வராது. அதேபோல 3.3 கிலோவாட் ஆன்போர்டு சார்ஜர் உள்ள வண்டியை 22 கிலோவாட் சுவர்ப்பெட்டியில் செருகினாலும் அது 3.3 கிலோவாட்டையே இழுக்கும்.

பெட்டியும் வண்டியும் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்பதையும் தெரிந்துகொள்வது பின்னால் பழுது பார்க்கும்போது உதவும். வண்டியில் செருகும் டைப் 2 பிளக்கில் மின்சாரம் வரும் கம்பிகளைத் தவிர ‘பைலட்’ என்ற மெல்லிய கம்பி ஒன்று உண்டு. அதில் பெட்டி நொடிக்கு 1,000 துடிப்புகளை அனுப்புகிறது. ஒவ்வொரு துடிப்பும் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதை வைத்து, அதிகபட்சம் எத்தனை ஆம்பியர் இழுக்கலாம் என்று வண்டி புரிந்துகொள்கிறது. துடிப்பு சுமார் 27 சதவீத நேரம் நீடித்தால் 16 ஆம்பியர், சுமார் 53 சதவீதம் என்றால் 32 ஆம்பியர். பெட்டி சொல்வது உச்சவரம்பு மட்டும்தான். அதற்குள் எவ்வளவு வேண்டும் என்பதை ஆன்போர்டு சார்ஜரும் பேட்டரியின் மேலாண்மை அமைப்பும் சேர்ந்து முடிவு செய்கின்றன.

நெடுஞ்சாலையோரத்து வேக சார்ஜர்களின் கதை வேறு. அங்கே ஏசியை டிசியாக மாற்றும் பெரிய கருவி நிலையத்திலேயே இருக்கிறது. அது ஆன்போர்டு சார்ஜரைத் தொடாமல் பேட்டரிக்கு நேராக டிசி மின்சாரத்தைக் கொடுத்துவிடுகிறது. ஆகவே வேக சார்ஜரில் ஒரு மணி நேரத்தில் ஏறிய வண்டி வீட்டில் ஏன் இரவு முழுவதும் எடுக்கிறது என்று குழம்ப வேண்டியதில்லை.

இரண்டாம் படி: உங்கள் வண்டியின் ஆன்போர்டு சார்ஜரைத் தெரிந்துகொள்ளுங்கள்

விற்பனையாளரிடம் கேட்க வேண்டியவை இரண்டே எண்கள். ஆன்போர்டு சார்ஜர் எத்தனை கிலோவாட்? அது ஒரு முனையா, மும்முனையா? “ஆறு மணி நேரத்துல ஃபுல் ஆயிருங்க” என்ற பதிலோடு திரும்பி வந்துவிடாதீர்கள். விவரக் கையேட்டில் அந்த எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். அதற்கான பக்கம் கட்டாயம் இருக்கும்.

நம் ஊரில் ஓடும் சிறு சரக்கு வண்டிகளின் பேட்டரி பெரிதல்ல. 2022 மே மாதம் அறிமுகமான டாடா ஏஸ் ஈவிக்கு 21.3 கிலோவாட் மணி, அதாவது 21.3 யூனிட் கொள்ளும் பேட்டரி. 2025 ஜூனில் வந்த ஏஸ் புரோ ஈவிக்கு 14.4, ஆய்லர் ஸ்டார்ம் வண்டிக்கு 30. இந்த வகை வண்டிகளில் 3.3 கிலோவாட் அளவிலான ஒரு முனை ஆன்போர்டு சார்ஜர்தான் பரவலாக இருக்கிறது. பயணிகள் கார்களில் 7.2 கிலோவாட்டும், சில பெரிய வண்டிகளில் 11 கிலோவாட் மும்முனையும் காணக்கிடைக்கும்.

இந்த எண்கள் வருவது வெறும் பெருக்கலில்தான். 230 வோல்ட்டில் 16 ஆம்பியர் என்றால் சுமார் 3.7 கிலோவாட், 32 ஆம்பியர் என்றால் சுமார் 7.4. மும்முனையில் ஒவ்வொரு முனைக்கும் 16 ஆம்பியர் என்றால் 11 கிலோவாட். 32 ஆம்பியர் என்றால் 22.

பலர் பணத்தை இழப்பது இங்கேதான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 7.2 கிலோவாட் ஒரு முனை ஆன்போர்டு சார்ஜர் உள்ள வண்டிக்கு, ‘பெரியது’ என்று நினைத்து 11 கிலோவாட் மும்முனைப் பெட்டி வாங்கி மாட்டுகிறார்கள். அந்தப் பெட்டி ஒரு முனைக்கு 16 ஆம்பியருக்கு மேல் தராது. வண்டியோ ஒரு முனையை மட்டுமே எடுக்கும். கடைசியில் கிடைப்பது 3.7 கிலோவாட். விலை குறைந்த 7.4 கிலோவாட் ஒரு முனைப் பெட்டி அதே வண்டிக்கு இரண்டு மடங்கு வேகம் தந்திருக்கும். இதன் மறுபக்கமும் உண்டு. 11 கிலோவாட் மும்முனை ஆன்போர்டு சார்ஜர் உள்ள வண்டியை ஒரு முனை இணைப்பில் போட்டால், பல மாதிரிகளில் 3.7 கிலோவாட் மட்டுமே ஏறும்.

அமெரிக்க எண்களைப் படிப்பவர்களுக்கு

இளைஞர்கள் அமெரிக்கப் பிக்கப் வண்டிகளின் விமர்சனங்களைப் பார்த்துவிட்டு “அவங்க வீட்டுலயே 19 கிலோவாட் ஏத்தறாங்களே” என்று கேட்கிறார்கள். அது உண்மைதான். ஃபோர்டு எஃப்-150 லைட்னிங் 2022இல் வந்தபோது, 131 கிலோவாட் மணி பேட்டரி கொண்ட மாதிரியில் இரண்டு ஆன்போர்டு சார்ஜர்களைச் சேர்த்துப் பொருத்தி, 240 வோல்ட்டில் 80 ஆம்பியர், அதாவது 19.2 கிலோவாட் வரை வீட்டிலேயே ஏற்றும்படி செய்திருந்தார்கள். அதன் சிறிய பேட்டரி மாதிரியில் 11.3 கிலோவாட்தான். ரிவியன் ஆர்1டி, டெஸ்லா சைபர்டிரக் ஆகியவை 48 ஆம்பியர், 11.5 கிலோவாட் வரை எடுக்கும். அங்கே வீடுகளுக்கு மும்முனை மின்சாரம் பொதுவாகக் கிடையாது என்பதால், வேகம் வேண்டுமென்றால் ஒரே முனையில் ஆம்பியரைக் கூட்டுவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை. நம்மிடமோ மும்முனை தாராளமாக இருக்கிறது; ஒரு முனையில் 80 ஆம்பியர் தரும் வீட்டு இணைப்பு இல்லை.

ஆகவே அந்த வேக எண்கள் நமக்குப் பொருந்தாது. ஒரு பாடம் மட்டும் பொருந்தும். மணிக்கணக்கில் தொடர்ந்து ஓடும் பளுவுக்கு, இழுக்கும் ஆம்பியரைப் போல ஒன்றேகால் மடங்கு தாங்கும் பிரேக்கரும் வயரும் வேண்டும் என்பது அவர்களுடைய விதி. 48 ஆம்பியர் சார்ஜுக்கு 60 ஆம்பியர் பிரேக்கர், 80 ஆம்பியருக்கு 100. அதே கணக்கில் நம் 15, 16 ஆம்பியர் சார்ஜுக்கு 20 ஆம்பியர் எம்சிபி (பளு மிஞ்சினால் தானாக அணையும் பிரேக்கர்) வேண்டும். இன்னொரு ஒப்பீடும் மனத்தில் நிற்கட்டும். 131 யூனிட் பேட்டரியை நம் 3 கிலோவாட் பிளக்கில் போட்டால் நிரம்ப இரண்டு நாள் ஆகும். 3 கிலோவாட் நமக்குப் போதுமானதாக இருப்பதற்குக் காரணம், நம் வண்டிகளின் பேட்டரி அந்த அளவுக்குச் சிறியது என்பதே.

மூன்றாம் படி: உங்களுக்கு ஓர் இரவில் எத்தனை கிலோமீட்டர் வேண்டும்

எத்தனை கிலோவாட் வேண்டும் என்று தொடங்கினால் கணக்கு தவறான இடத்தில் போய் நிற்கும். இரவு வண்டி நின்ற நேரத்துக்குள் எத்தனை கிலோமீட்டருக்கான சார்ஜ் ஏற வேண்டும் என்று தொடங்குங்கள்.

எங்கள் வண்டி சுமையோடு ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர் ஓடுகிறது. சான்றளிக்கப்பட்ட தூரத்தை வைத்துப் பார்த்தால் 7 என்று வரும்; ஊதியூர் மலைப்பக்கத்து ஏற்றத்தில் முக்கால் டன் பருப்போடு ஏறும் வண்டிக்கு அது கிடைக்காது. சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு, ஆன்போர்டு சார்ஜரின் வெப்பமாகவும் வண்டியின் மின்னணுக் கருவிகளின் செலவாகவும் போய்விடும். ஆக 3 கிலோவாட் எடுத்தால் பேட்டரிக்குச் சேர்வது 2.7, மணிக்கு 13 கிலோமீட்டருக்குச் சற்று மேல். இரவு 9 மணி முதல் காலை 5 மணி வரை எட்டு மணி நேரத்தில் 108 கிலோமீட்டர்.

எங்கள் சாளையிலிருந்து திருப்பூர் போய்த் திரும்ப 80 கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை. எனவே 15 ஆம்பியர் பிளக்கே எங்களுக்குப் போதும். இதே தூரத்துக்கு நாளொன்றுக்கு இரண்டு நடை அடிப்பவருக்கு இது போதாது. அவர் 7.2 கிலோவாட் ஆன்போர்டு சார்ஜர் உள்ள வண்டியைத் தேட வேண்டும், அல்லது இரண்டு நடைக்கு நடுவே வேக சார்ஜரில் அரை மணி நேரம் நிறுத்தத் திட்டமிட வேண்டும். வண்டிக்குள் சிறிய ஆன்போர்டு சார்ஜரை வைத்துக்கொண்டு சுவரில் எதை மாட்டினாலும் அந்தக் குறை தீராது.

நான்காம் படி: இணைப்பு, மின்பளு, கட்டணம்

மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் உங்கள் இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட மின்பளு எவ்வளவு என்று முதலில் பாருங்கள். மின்கட்டண அட்டையிலும் இருக்கும். இரண்டு கிலோவாட் பளுவுக்கு அனுமதி பெற்ற பழைய ஒரு முனை இணைப்பில் 3 கிலோவாட் சார்ஜும், தண்ணீர் மோட்டாரும், கிரைண்டரும் சேர்ந்தால் கம்பத்து பியூஸ் கட்டையில்தான் முதலில் தெரியும். கூடுதல் பளுவுக்கு விண்ணப்பித்து, இயன்றால் மும்முனையாக மாற்றிக்கொள்ளுங்கள். வண்டி ஒரு முனைதான் எடுக்கும் என்றாலும், அந்த முனையைச் சார்ஜுக்கென ஒதுக்கி, வீட்டுப் பளுவை மற்ற இரண்டில் பிரித்துப் போட மும்முனை உதவும்.

அடுத்து கட்டணம். நாளொன்றுக்கு 80 கிலோமீட்டர், மாதம் 25 நாள் என்றால் 2,000 கிலோமீட்டர். பேட்டரிக்கு 400 யூனிட், சுவரிலிருந்து சுமார் 445 யூனிட். இரண்டு மாதக் கணக்கில் 890. வீட்டின் சொந்தச் செலவு 300 என்றால் மொத்தம் 1,200 யூனிட்டை நெருங்கும். தமிழ்நாட்டு வீட்டுக் கட்டணத்தில் இரண்டு மாதச் செலவு 500 யூனிட்டைத் தாண்டினால் மேல்அடுக்கு விலை மட்டுமல்லாமல், கீழ்அடுக்குகளின் கணக்கும் மாறிவிடும் என்பதை நினைவில் வைத்து, டீசல் செலவோடு ஒப்பிடும் கணக்கைப் போடுங்கள். முதல் 100 யூனிட் இலவசம் என்பதை வைத்துக் கணக்குப் போட்டவர்கள் முதல் பில்லைப் பார்த்து அதிர்ந்திருக்கிறார்கள். மின்வாகனத்தை வீட்டிலேயே சார்ஜ் செய்வதற்குத் தனி உரிமம் தேவையில்லை. சார்ஜ் செய்து தருவது ஒரு சேவையே, மின்சார விற்பனை அல்ல என்று மத்திய மின்துறை 2018 ஏப்ரலில் தெளிவுபடுத்திவிட்டது. ஆனால் வாடகைக்கு ஓடும் சரக்கு வண்டியை வீட்டு இணைப்பில் போடலாமா, தனி இணைப்பு வேண்டுமா என்பதைப் பிரிவு அலுவலக உதவிப் பொறியாளரிடம் எழுத்து மூலம் கேட்டுப் பதில் பெற்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது சொல்லப் போவதை மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன். நம் பகுதியில் கிணற்று மேட்டுக்கு வரும் இலவச விவசாய இணைப்பு வண்டி நிற்கும் இடத்துக்குப் பத்தடியில் இருக்கும், அதுவும் மும்முனை. அதிலிருந்து ஒரு வயரை இழுத்துவிட ஆசை வருவது இயல்பு. செய்யாதீர்கள். பாசனத்துக்கென்று கொடுத்த மின்சாரத்தை வேறு காரியத்துக்கு எடுப்பது மின்சாரச் சட்டம் 2003இன் 126ஆம் பிரிவின்படி அனுமதியற்ற பயன்பாடு. எத்தனை நாள் எடுத்தீர்கள் என்று தெரியாவிட்டால் ஓராண்டுக்குப் பின்னோக்கி, உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு விதிக்கலாம். 135ஆம் பிரிவின்கீழ் திருட்டாகவே வழக்குப் போடவும் வழி உண்டு. நெசவுக் கூடத்துச் சலுகை இணைப்பிலிருந்து எடுப்பதும் இதே சிக்கல்தான். பல ஆண்டுகள் காத்திருந்து வாங்கிய இலவச இணைப்பை ஒரு வண்டிக்காக இழந்துவிடக் கூடாது.

ஐந்தாம் படி: வயரும் வோல்டேஜும்

என் கையில் இருக்கும் பணத்தில் பாதியை எங்கே போடுவது என்று யாராவது கேட்டால், வயரில் என்றே சொல்வேன்.

ஆன்போர்டு சார்ஜர் கிட்டத்தட்ட ஒரே அளவு ஆம்பியரை இழுக்கும் கருவி. வோல்டேஜ் குறைந்தால் அது ஆம்பியரைக் கூட்டி ஈடுசெய்வதில்லை, வேகம் குறைந்துவிடும். 13 ஆம்பியர் இழுக்கும் வண்டிக்கு 230 வோல்ட்டில் சுமார் 3 கிலோவாட் கிடைக்கும்; 190 வோல்ட்டில் 2.5 தான். எட்டு மணி நேரத்தில் அந்த வித்தியாசம் 4 யூனிட், அதாவது ஏறத்தாழ 19 கிலோமீட்டர். டிரான்ஸ்ஃபார்மரின் கடைக்கோடியில் இருக்கும் சாளைகளில் மாலை ஏழு முதல் ஒன்பது மணி வரை வோல்டேஜ் அடிமட்டத்துக்குப் போவது எல்லோரும் அறிந்ததே. அதற்கும் கீழே போனால் ஆன்போர்டு சார்ஜர் தானாகவே நின்றுவிடும். ஒரு வாரம் மாலை ஏழு, இரவு பத்து, அதிகாலை நான்கு ஆகிய மூன்று நேரங்களிலும் மல்டிமீட்டரில் அளந்து எழுதி வையுங்கள். எங்கள் ஏட்டில் முதல் வாரத்தில் 188, 214, 231 என்றிருக்கிறது. அதைப் பார்த்த பிறகு சார்ஜ் தொடங்கும் நேரத்தை இரவு பத்துக்குத் தள்ளினோம். வேறு செலவே இல்லாமல் ஒவ்வொரு மணி நேரத்திலும் ஏறும் கிலோமீட்டர் கூடியது.

கம்பத்திலிருந்து வருவது நம் கையில் இல்லை. மீட்டரிலிருந்து வண்டி நிற்கும் கொட்டகை வரை போவது நம் கையில் இருக்கிறது. தோட்டத்து வீடுகளில் அந்தத் தூரம் 40 மீட்டர் இருப்பது சாதாரணம். அந்தத் தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 13 ஆம்பியர் ஓடினால் 9 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே இறங்கிவிடும். 120 வாட் வயரைச் சூடாக்குவதில் போகும். ஓர் இரவுக்கு ஒரு யூனிட், ஆண்டுக்கு முந்நூறு யூனிட்டுக்குக் கட்டணம் கட்டி வயரைச் சூடாக்கியிருப்போம். 6 சதுர மில்லிமீட்டர் வயரில் இழப்பு 4 வோல்ட்டுக்குள் அடங்கும். 32 ஆம்பியர் பெட்டி போடுபவர்கள் இதே தூரத்துக்கு 10 சதுர மில்லிமீட்டர் போட வேண்டும்; 6 போட்டால் 9 வோல்ட் போய்விடும். கடைக்காரர் “நாலு ஸ்கொயர் போதுங்க” என்பார். வெப்பம் தாங்குவதைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். தூரத்தை அவர் கேட்டிருக்க மாட்டார்.

அலுமினிய வயரைச் செம்போடு முறுக்கி இணைப்பதைத் தவிருங்கள். அந்த இணைப்பு நாளடைவில் தளர்ந்து சூடேறும். இரண்டு உலோகங்களுக்கும் பொருந்தும் பைமெட்டல் லக் கேட்டு வாங்கி அழுத்திப் பொருத்தச் சொல்லுங்கள். 1930களில் பைக்காராவின் நீர்மின்சாரம் மலையிறங்கி வந்த நாளிலிருந்து மோட்டாரோடும் ஸ்டார்ட்டரோடும் வளர்ந்த பகுதி இது. காயில் கட்டத் தெரிந்தவர்களும் அனுபவம் மிக்க வயர்மேன்களும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களிடம் காரணத்தைச் சொல்லிக் கேட்டால் மிகச் சரியாகச் செய்து தருவார்கள்.

ஆறாம் படி: பிளக் பாயின்ட்

வீட்டுச் சுவரில் கீசருக்கும் கிரைண்டருக்கும் போடும் 15 ஆம்பியர் பிளக் பாயின்ட் அரை மணி, ஒரு மணி நேரப் பளுவுக்குப் பழகியது. எட்டு மணி நேரம் இடைவிடாமல் 13 ஆம்பியர் ஓடினால் அதன் உள்ளே இருக்கும் பித்தளைத் தகட்டின் இறுக்கம் குறைந்து, தொடும் இடத்தில் சூடு கூடி, சூடு கூடக் கூட இறுக்கம் மேலும் குறையும். எங்களுக்கு ஐந்தாம் மாதத்தில் அது நடந்தது. காலையில் பிளக்கை உருவும்போது கருகிய வாடை அடித்தது. லைன் பக்கத்துப் பின் மட்டும் கருஞ்சிவப்பாக மாறி, அதைச் சுற்றிய வெள்ளைப் பிளாஸ்டிக் வெல்லப்பாகு போல இளகி ஒரு பக்கமாக வழிந்து உறைந்திருந்தது. வயர்மேன் திறந்து காட்டியபோது உள்ளே திருகாணி கால் சுற்று தளர்ந்திருந்தது. அவ்வளவுதான் காரணம்.

அதன் பிறகு, மில்களிலும் பட்டறைகளிலும் பார்க்கிற நீல நிற இன்டஸ்ட்ரியல் சாக்கெட்டை 16 ஆம்பியர் மூன்று பின் அளவில் போட்டோம். மூடியும் பூட்டும் உள்ள அந்தச் சாக்கெட்டில் பின் முழு நீளமும் இறுகப் பிடிக்கும். வண்டியோடு வந்த கேபிளின் பிளக்கை மாற்றினால் உத்தரவாதம் போய்விடுமா என்று கேட்டுவிட்டு மாற்றுங்கள். மாற்றக் கூடாது என்றால் சாக்கெட்டையாவது தரமானதாகப் போட்டு ஆண்டுக்கொரு முறை புதிதாக மாற்றிவிடுங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டி வேண்டவே வேண்டாம். மீதமுள்ள கேபிளைச் சுருட்டி ஆணியில் தொங்கவிடுவதும் கூடாது. சுருளுக்குள் சூடு தங்கிவிடும். வீட்டு இன்வெர்ட்டர் வரிசையில் இந்தச் சாக்கெட் சேர்ந்திருக்கக் கூடாது என்பதையும் வயர்மேனிடம் சொல்லிவிடுங்கள்.

ஏழாம் படி: எர்த்

கொங்குப் பகுதி மழை மறைவுப் பிரதேசம். மாசி, பங்குனி வந்தால் செம்மண் இரண்டடி ஆழத்துக்கு ஈரமே இல்லாமல் காய்ந்துவிடும். காய்ந்த மண்ணில் எர்த் குழி பெயருக்குத்தான் இருக்கும். மோட்டாரும் மின்விசிறியும் அதைப் பற்றிக் கவலைப்படாமல் ஓடும், மின்வண்டிக்கோ சார்ஜ் ஏறாது. சுவர்ப்பெட்டியோ, கேபிளோடு வரும் பெட்டியோ, எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே மின்சாரத்தைத் திறந்துவிடும்.

முதல் கோடையில் ஓர் இரவு எங்கள் பெட்டியில் சிவப்பு விளக்கு மின்னி, சார்ஜ் ஏற மறுத்துவிட்டது. விற்றவர்களுக்குப் போன் செய்தபோது பெட்டியைக் கழற்றி அனுப்பச் சொன்னார்கள். அதற்கு முன் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே அளந்தோம். 14 வோல்ட் காட்டியது. நல்ல இணைப்பில் அது ஓரிரண்டு வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. டார்ச்சுடன் போய் எர்த் குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தால், பத்து நிமிடத்தில் பச்சை விளக்கு எரிந்தது. பெட்டியில் எந்தக் குறையும் இல்லை. தண்ணீர் ஊற்றுவது நோயைக் கண்டறியும் வழி மட்டுமே, மருந்தாகாது. மறுவாரமே கொட்டகைக்கு அருகில் சார்ஜுக்கென்று தனி எர்த் குழி ஆழமாக எடுத்து, கரியும் உப்பும் போட்டு, தொட்டித் தண்ணீர் வழிந்து போகும் பக்கமாக அமைத்தோம். நிழலும் ஈரமும் உள்ள இடமாகப் பார்த்து எடுப்பது பாதி வேலையை முடித்துவிடும். எர்த் கம்பி தளர்ந்த பெட்டியை ஏமாற்றுவதற்காக நியூட்ரலையும் எர்த்தையும் சாக்கெட்டிலேயே இணைத்துவிடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. நியூட்ரல் எங்காவது அறுந்தால் வண்டியின் உடம்பு முழுவதும் மின்சாரம் பாயும். ஈரக் காலோடு கதவைத் தொடுகிறவர் உயிரோடு திரும்ப மாட்டார். யார் சொன்னாலும் அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

எர்த்தோடு, மின்கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் கட்டாயம் வேண்டும். அதிலும் ‘டைப் ஏ’ என்று கேட்டு வாங்குங்கள். சாதாரணமாகக் கிடைக்கும் ‘டைப் ஏசி’ வகை, ஆன்போர்டு சார்ஜர் போன்ற மின்னணுக் கருவிகளின் கசிவைச் சரியாக உணராது. டிசி கசிவு 6 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் நிறுத்தும் அமைப்பு சுவர்ப்பெட்டிக்குள் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். கூடவே, வோல்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும் இணைப்பைத் துண்டிக்கும் கருவியும், கோடை இடிமழைக்குச் சர்ஜ் அரெஸ்டரும் போடுங்கள். சித்திரை, வைகாசி மாலைகளில் இடி முழங்கத் தொடங்கினால், எத்தனை பாதுகாப்பு இருந்தாலும், பிளக்கை உருவிவிடுவதே எங்கள் வழக்கம்.

எட்டாம் படி: வெயில், தூசி, சோலார்

ஈரோடும் கரூரும் 40 டிகிரியைத் தாண்டும் நாள்களில் ஆன்போர்டு சார்ஜர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஓடி வந்த வண்டியை உடனே சொருகாமல், நிழலில் முக்கால் மணி நேரம் ஆறவிட்டுப் போடுங்கள். பல்லடம், சோமனூர்ப் பக்கம் தறிக்கூடத்தை ஒட்டி வண்டி நிறுத்துபவர்கள், பஞ்சுத் தூசி காற்று வழிகளை அடைக்காமல் மாதமொரு முறை சுத்தம் செய்யச் சொல்ல வேண்டும்.

சரக்கு வண்டிகளில் பரவலாக இருக்கும் எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி, கையேடு சொல்லும் இடைவெளியில் 100 சதவீதம் வரை நிரம்ப வேண்டும். அப்போதுதான் மீதமுள்ள சார்ஜைத் திரை சரியாகக் காட்டும். கடைசிச் சில சதவீதம் மெதுவாக ஏறுவது பழுதல்ல.

வீட்டுக் கூரையில் சோலார் இருப்பவர்கள், வண்டி பகலில் நிற்குமானால் மட்டும் இதைக் கணக்கில் சேருங்கள். 3 கிலோவாட் சோலார் நாளுக்குச் சராசரியாக 12 யூனிட் தரும். 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடலாம். அதிகாலையில் சந்தைக்குப் போய்ப் பதினொரு மணிக்கே திரும்பிவிடும் இளநீர் வண்டிக்கு இது மிகப் பொருத்தம். ஆம்பியரைக் குறைத்து வைக்கும் வசதியுள்ள பெட்டியாக இருந்தால் 8 அல்லது 10 ஆம்பியரில் வைத்தால், சூரியன் தருவதற்குள்ளேயே சார்ஜ் அடங்கிவிடும். 6 ஆம்பியருக்குக் கீழே பைலட் முறையில் இறங்க முடியாது.

ஒன்பதாம் படி: முதல் இரவுச் சோதனை

எல்லாம் மாட்டி முடித்த அன்று தூங்கப் போய்விடாதீர்கள். சார்ஜ் வரிசையில் ஒரு துணை மீட்டர் கட்டாயம் இருக்கட்டும். சொருகும் முன் வண்டித் திரையில் உள்ள சதவீதத்தையும், துணை மீட்டர் எண்ணையும், சாக்கெட்டின் வோல்டேஜையும் எழுதிக்கொள்ளுங்கள். சொருகிய ஐந்தாவது நிமிடம் மறுபடி வோல்டேஜை அளந்து பாருங்கள். பளு ஏறியதால் 10 வோல்ட்டுக்கு மேல் இறங்கியிருந்தால், மீட்டர் பலகையிலும் அதே நேரத்தில் அளந்து, இறக்கம் கம்பத்துப் பக்கமா நம் வயர் பக்கமா என்று கண்டுபிடியுங்கள்.

அரை மணி நேரம் கழித்துப் புறங்கையைப் பிளக்கின் மேலும், எம்சிபி பெட்டியின் மேலும், வயர் இணைப்புகள் உள்ள இடத்தின் மேலும் வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு இருக்கலாம், கையை எடுக்கத் தோன்றும் அளவுக்குச் சூடு இருக்கக் கூடாது. இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு முறை. அதன் பிறகு மெயின் சுவிட்சை அணைத்து, ஒரு நிமிடம் விட்டு மறுபடி போட்டு, கரண்ட் திரும்பி வந்ததும் சார்ஜ் தானாகத் தொடங்குகிறதா என்று பாருங்கள். சில பெட்டிகள் தொடங்கும். சில, யாராவது வந்து பொத்தானை அழுத்தும் வரை அப்படியே நிற்கும். இரவு ஒரு மணிக்கு மின்தடை வந்து போனதை அறியாமல், காலை ஐந்து மணிக்குப் பாதிச் சார்ஜோடு நின்ற வண்டியில் லோடு ஏற்றிவிட்டுத் திகைத்தவர்கள் நாங்கள்.

ஆர்சிசிபியின் சோதனைப் பொத்தானையும் அன்றே அழுத்திப் பார்த்து, பிறகு மாதமொரு முறை அழுத்துங்கள். காலையில் துணை மீட்டரைப் பார்த்து, எத்தனை யூனிட் எடுத்து எத்தனை சதவீதம் ஏறியது என்று எழுதுங்கள். 21 யூனிட் பேட்டரி காலியிலிருந்து நிரம்பச் சுவரில் 23, 24 யூனிட் காட்டுவது சரியான அளவு. அது ஒரு மாதத்தில் 26க்கு ஏறினால் எங்கோ ஓர் இணைப்பு தளர்ந்திருக்கிறது அல்லது ஆன்போர்டு சார்ஜரைப் பார்க்க வேண்டிய நேரம் வந்திருக்கிறது. எங்கள் ஏடு எம்சிபி பெட்டிக்குப் பக்கத்திலேயே ஓர் ஆணியில் தொங்குகிறது. வண்டியைச் சொருகுகிறவர் யாராக இருந்தாலும் மூன்று எண்களை எழுதிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார்.